படத்தில் பார்த்தவரைத் தெரியும் என்று சாட்சி சொல்லலாமா?

 



போன வாரம் அஸர் தொழுகை முடிந்து ஹவுள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். 2026 சட்டமன்றத் தேர்தலைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பி என்னைப் பார்த்து, "ஹஜ்ரத், விஜய் நல்லவரு. அவரை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். "எப்படித் தம்பி தெரியும்?" என்று கேட்டேன். "அவர் படம் ஒன்னு விடாமப் பார்த்திருக்கேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கூத்தாடிக்கு என்னப்பா ஆட்சி?" என்றார். "அத்தா, அவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று தம்பி திருப்பிக் கேட்டதும் பெரியவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

அன்று இரவு எனக்கு உமர் (ரலி) அவர்களின் சம்பவம்தான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. இமாம் பைஹகீ அவர்கள் பதிவு செய்திருக்கும் செய்தி அது. ஒருவர் உமர் (ரலி) முன்னால் சாட்சி சொல்ல வருகிறார். உன்னை எனக்குத் தெரியாது, உன்னைத் தெரிந்த ஒருவரை அழைத்து வா என்கிறார்கள் கலீஃபா. கூட்டத்தில் இருந்த ஒருவர் எழுந்து, இவரை எனக்குத் தெரியும், நேர்மையானவர் என்கிறார். உடனே உமர் (ரலி) அவரிடம் மூன்று கேள்வி கேட்கிறார்கள். இவருடைய இரவும் பகலும், போக்கும் வரவும் தெரியும்படி நீ இவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனா? இல்லை. காசு கொடுத்து வாங்கி இவரோடு வியாபாரம் செய்திருக்கிறாயா? இல்லை. இவரோடு பயணம் போயிருக்கிறாயா? அதுவும் இல்லை. அப்படியென்றால் உனக்கு இவரைத் தெரியாது என்று சொல்லி, சாட்சி சொல்ல வந்தவரிடம் வேறு ஆளை அழைத்து வரச் சொல்லிவிட்டார்கள். வேறொரு அறிவிப்பில், இவர் பள்ளிவாசலில் தலையைத் தாழ்த்துவதையும் உயர்த்துவதையும் பார்த்திருப்பாய் போலிருக்கிறது என்று உமர் (ரலி) சொன்னதாகவும் வருகிறது.

தொழுவதைக் கண்ணால் பார்த்ததே ஒருவரைத் தெரியும் என்று சொல்லப் போதாது என்றால், வேறொருவர் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசியதைப் பார்த்தது எப்படிப் போதும்?

ஓட்டு என்பது என்ன?

ஓட்டுப் போடுவது ஒரு சாட்சி என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் சாட்சி சொல்கிறோம். அதில் பரிந்துரையும் இருக்கிறது. நல்லதற்குப் பரிந்துரைத்தாலும் கெட்டதற்குப் பரிந்துரைத்தாலும் பரிந்துரைத்தவருக்கு அதில் பங்கு உண்டு என்பது சூரத்துன் நிஸாவின் 85-வது வசனத்தின் கருத்து. அதே சூராவின் 58-வது வசனம் அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்கச் சொல்கிறது.

அந்த 58-வது வசனத்தோடு சேர்த்து முஃபஸ்ஸிர்கள் சொல்லும் சம்பவம் உங்களுக்குத் தெரியும். மக்கா வெற்றியின்போது கஃபாவின் சாவியைத் தங்கள் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்ற ஆசை நபி (ஸல்) அவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கே இருந்தது. ஆனால் சாவி உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பித் தரப்பட்டது. பாசம் ஒரு பக்கம், உரிமை இன்னொரு பக்கம். அன்று பாசம் ஜெயிக்கவில்லை.

நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கும்போது எவ்வளவு விசாரிக்கிறோம்! சவூதியில் வேலை என்றால் அங்கே இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டுக் கேட்கிறோம். மாப்பிள்ளையின் தெருவில் போய்க் கடைக்காரரிடம் விசாரிக்கிறோம். சட்டமன்றத்துக்கு ஐந்து வருடம் அனுப்பப் போகிற ஆளைப் பற்றி மட்டும் போஸ்டரைப் பார்த்து முடிவு செய்கிறோம்.

அழகைச் சொல்லாத யூஸுஃப் (அலை)

யூஸுஃப் (அலை) அவர்களின் அழகைப் பார்த்து எகிப்தின் பெண்கள் மெய்மறந்து தங்கள் கைகளையே வெட்டிக்கொண்டார்கள் என்று குர்ஆன் சொல்கிறது. இன்றைய பேச்சில் சொன்னால், அந்த நாட்டிலேயே பெரிய ரசிகர் கூட்டம் அவர்களுக்குத்தான் இருந்திருக்கும். ஆனால் அரசரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது அழகைச் சொன்னார்களா? மக்கள் என்னை விரும்புகிறார்கள் என்று சொன்னார்களா? 12-வது சூராவின் 55-வது வசனத்தைப் பாருங்கள். இரண்டே தகுதிகளைத்தான் சொன்னார்கள். ஒன்று, ஒப்படைத்ததைப் பாதுகாப்பவர். இன்னொன்று, அந்த வேலையின் அறிவு உள்ளவர். வரப்போகும் ஏழு வருடப் பஞ்சத்துக்கு எப்படிச் சேமிப்பது என்ற திட்டத்தைச் சிறையில் இருக்கும்போதே சொல்லியிருந்தார்கள்.

நல்லவராக இருந்தால் மட்டும் போதுமா? இதை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். அபூதர் (ரலி) அவர்களைவிட உண்மையாளரை எங்கே தேடுவது? அவர்கள் பதவி கேட்டபோது, நீர் பலவீனமானவர், இது அமானிதம் என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கும் செய்தி. அது அபூதர் (ரலி) அவர்களுக்கு இழுக்கு அல்ல. நல்ல மனிதர் என்பது ஒரு தகுதி. நிர்வாகம் செய்யும் வலிமை தனித் தகுதி.

இனி அந்தப் பெரியவருக்கும் ஒரு வார்த்தை. தாலூத்தை அரசராக்கியபோது, இவரிடம் செல்வமே இல்லையே, இவர் எப்படி எங்களை ஆள முடியும் என்று பனூ இஸ்ராயீல் மக்கள் கேட்டார்கள். அவருக்கு அறிவும் உடல் வலிமையும் தரப்பட்டிருப்பதை அல்லாஹ் சுட்டிக்காட்டினான் (2:247). சினிமாவைப் பற்றி மார்க்கத்தின் பார்வை தனி விஷயம். ஆனால் ஒருவர் எந்தத் தொழிலிலிருந்து வந்தார் என்பதை வைத்தே, அவர் என்ன செய்வார் என்று பார்க்காமல் கதவைச் சாத்துவதும் விசாரணை ஆகாது. "கூத்தாடி" என்பது வெறும் ஏச்சு. அந்த வார்த்தையே நம் வாயில் வர வேண்டாம்.

நம் மாநிலம் பார்த்தது

தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. எம்.ஜி.ஆர். 1953-இல் தி.மு.க.வில் சேர்ந்தார். 1962-இல் மேலவை உறுப்பினர், 1967-இல் பரங்கிமலை எம்.எல்.ஏ., 1972-இல் தனிக்கட்சி, 1977-இல் முதல்வர். கட்சியில் சேர்ந்து 24 வருடம் கழித்துத்தான் அந்த நாற்காலி. படத்தில் குடிக்க மாட்டார், சிகரெட் பிடிக்க மாட்டார் என்று அவரைக் கொண்டாடினார்கள். அவருடைய ஆட்சியில்தான் 1982-இல் சத்துணவுத் திட்டம் விரிவாக வந்தது. கோடிக்கணக்கான பிள்ளைகளின் வயிறு நிறைந்தது, மறுக்க முடியாது. அதே ஆட்சியில்தான் 1981-இல் மதுவிலக்கு விலக்கப்பட்டது, 1983-இல் டாஸ்மாக் நிறுவனமும் தொடங்கப்பட்டது. திரையில் தவிர்த்ததாகக் கொண்டாடப்பட்ட மது, ஆட்சியில் அரசு வியாபாரத்துக்குள் வந்தது. குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. திரையில் பார்த்த குணத்தை வைத்து அரசாங்கக் கோப்பில் விழப்போகும் கையெழுத்தைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நடிப்பில் சிவாஜி கணேசனை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். 1988-இல் கட்சி தொடங்கி, 1989-இல் நமக்குப் பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டத்தின் திருவையாறில் நின்றார், தோற்றார். ரசிப்பதையும் தேர்ந்தெடுப்பதையும் அந்த மக்கள் ஒன்றாக நினைக்கவில்லை.

விஜயகாந்த் பசித்து வந்தவருக்குச் சோறு போட்டவர் என்று இன்றும் சொல்கிறார்கள். 2011-இல் அவருடைய கட்சிக்கு 29 இடம் கிடைத்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். ஆனால் அந்த 29 பேரில் சிலர் ஒவ்வொருவராக ஆளும் கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். 2016 பிப்ரவரியில் எட்டுப் பேர் ராஜினாமா செய்ததும் எதிர்க்கட்சித் தலைவர் என்ற தகுதியும் போனது. அவர் முகத்தைப் பார்த்து மக்கள் போட்ட ஓட்டு, யார் யாருடைய கைக்கோ போய்ச் சேர்ந்தது. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

இன்று பேசப்படுபவர் விஜய். 2024 பிப்ரவரி 2-இல் தமிழக வெற்றிக் கழகத்தை அறிவித்தார். 2025 ரமளானில் சென்னை ராயப்பேட்டையில் தொப்பி அணிந்து இஃப்தாரில் கலந்துகொண்டார். வக்ஃப் திருத்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். நல்லது. தி.மு.க. உட்பட வேறு கட்சிகளும் அதே வழக்குக்குப் போயிருக்கின்றன, இஃப்தாரும் பல கட்சிகள் நடத்துகின்றன. தொப்பியை வைத்து ஒருவரை எடை போடுவதென்றால் நோன்புக் கஞ்சி குடித்த அத்தனை தலைவர்களுக்கும் நாம் ஓட்டுப் போட வேண்டியிருக்கும்.

கரூரைப் பேசாமல் போக முடியாது. 2025 செப்டம்பர் 27 இரவு, அவருடைய பிரச்சாரக் கூட்ட நெரிசலில் 41 உயிர் போனது. அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். யார் குற்றம் என்பது சி.பி.ஐ. விசாரணையில் இருக்கிறது, தெரியாததில் தீர்ப்புச் சொல்ல நமக்கு அனுமதி இல்லை. ஆனால் எல்லோரும் பார்த்ததைச் சொல்லலாம். அவர் அன்றிரவே சென்னை திரும்பினார். மூன்று நாள் கழித்து வீடியோவில் பேசினார். அந்தக் குடும்பங்களை அக்டோபர் 27-இல் மாமல்லபுரத்துக்கு வரவழைத்துச் சந்தித்தார். கரூர் போக அனுமதி கிடைக்கவில்லை என்பது அவருடைய கட்சியின் விளக்கம். இராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், பாதையை ஏன் சீராக்கவில்லை என்று அல்லாஹ் தன்னைக் கேட்பான் என அஞ்சிய உமர் (ரலி) அவர்களை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். அந்த அளவுகோலை அவருக்கு மட்டும் வைக்காதீர்கள். இடம் ஒதுக்கியவர்கள், பாதுகாப்புக்கு நின்றவர்கள், ஆட்சியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அதே அளவுகோல்தான்.

நம் வாக்கு இயந்திரத்தில் யார் பெயர்?

இப்போது விஜயகாந்த் விஷயத்துக்கு வருகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆறு தொகுதிகள். கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. எந்தக் கட்சியாக இருந்தாலும், பெரும்பாலும் தலைவரின் பெயர் நம் தொகுதி இயந்திரத்தில் இருக்காது. நம் மாவட்டத்து ஆள் ஒருவரின் பெயர்தான் இருக்கும். தலைவரின் முகம் போஸ்டரில், அமானிதம் போவது இவர் கையில்.

இவரிடம் உமர் (ரலி) அவர்களின் மூன்று கேள்விகளையும் கேட்க நமக்கு வழி இருக்கிறது. இவருடைய பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தேடினால் கிடைப்பார். இவரிடம் கூலி வாங்கியவர், நிலம் விற்றவர், கடன் கொடுத்தவர் இருப்பார்கள். மூன்றாவது பயணம். கஷ்டத்தில் கூட இருப்பதும் ஒரு பயணம்தான். 2018 நவம்பர் 16-இல் கஜா அடித்து ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது இவர் எங்கே இருந்தார்? 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன நான்கு மீனவர்கள் பிணமாகத் திரும்பினார்களே என்று கரையில் அழுத வீடுகளுக்கு இவர் வந்தாரா? 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று இவருக்குத் தெரியுமா? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்களே, அதைப் பற்றி இவர் வாய் திறந்தாரா? அது நம் சமுதாயப் பிரச்சினை இல்லை என்று யாராவது சொன்னால், அநீதிக்கு ஜாதி பார்க்கும் பழக்கத்தை நம் தீன் கற்றுத் தரவில்லை என்று சொல்லுங்கள்.

பிரபலம் சினிமாவிலிருந்து மட்டும் வருவதில்லை. 2012-இல் புதுக்கோட்டை இடைத்தேர்தலில் ஜெயித்தவர் நம் அரண்மனைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பரம்பரைப் பெயர், ஜாதி, பணம், நம் ஜமாஅத்துக்காரர் என்ற ஒட்டுறவு, இவையும் போஸ்டர் முகம்தான். முஸ்லிம் வேட்பாளருக்கும் அதே மூன்று கேள்விகள் உண்டு.

இன்னொன்றும் செய்யலாம், செலவே இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2002 தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் மனுவோடு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தன் மீதுள்ள வழக்குகள், சொத்து, கடன், அரசுக்குத் தர வேண்டிய பாக்கி, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நாம் யாரும் பார்ப்பதில்லை. ஓட்டுக்குக் கவர் தருபவரைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் சாபத்துக்குரியவர்கள் என்ற ஹதீஸை வருடா வருடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த மிம்பரிலிருந்து இவருக்குப் போடுங்கள் என்று எந்தப் பெயரும் வராது. தேர்தல் நடத்தை விதிப்படி வழிபாட்டுத் தலத்தில் பிரச்சாரம் கூடாது. அதனால் வேட்புமனுக்கள் இறுதியானதும், இன்ஷா அல்லாஹ், ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு பள்ளிக்கு வெளியே டீக்கடைத் திண்ணையில் உட்காருவோம். நம் தொகுதியில் நிற்கும் எல்லா வேட்பாளர்களின் பத்திரங்களையும், ஒன்று விடாமல், கண் தெரியாத பெரியவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாக வாசிப்போம். வாசிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருப்பவர் ஹவுள் பக்கம் பேசிய அந்தத் தம்பிதான். அந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.