பழைய மகிழுந்தின் பழைய நிறம்

1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மோரிஸ் மைனர் என்னும் சிறிய மகிழுந்து அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர் அதனை வடிவமைத்தார். 1971 வரை ஏறத்தாழ 1.6 மில்லியன் மைனர்கள் தயாரிக்கப்பட்டன. அக்காலத்தில் மலாயா, சிங்கப்பூர் சாலைகளிலும் அவை ஓடின. இன்றும் பழைய மகிழுந்துகளின் மீது பற்றுக்கொண்டோர் அவற்றைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கின்றனர்.

புதுப்பிக்கும் பணியில் இயந்திரத்தைச் சீர்செய்யலாம். துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைக்கலாம். கிழிந்த இருக்கைக்கு வேறு உறை தைக்கலாம். இவற்றில் தவறு நேர்ந்தால் மீண்டும் செய்ய வழியுண்டு. ஆனால், மணல்தாளால் தேய்த்து அகற்றிய பழைய சாயத்தைத் திரும்பப் பெற வழியில்லை. வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது எந்த நிறத்தில் இருந்தது என்பதற்கு அந்தச் சாயமே நேரடிச் சான்று. ஆகவே, பழைய நிறத்தைக் கண்டறியும் வேலை, பழைய சாயத்தை அகற்றுவதற்கு முன்னரே தொடங்கவேண்டும்.

ஏட்டில் உள்ள நிறம்

முதல் தடயம் வண்டியின் எண் தகட்டிலேயே கிடைக்கலாம். இது வண்டியின் முன்னும் பின்னும் உள்ள பதிவு எண் தகடு அன்று. இயந்திர அறைக்குள் பொருத்தப்பட்ட சிறிய உலோகத் தகடு. 1952 முதல் 1958 வரை தயாரிக்கப்பட்ட மைனர்களின் எண், மூன்று எழுத்துகளோடும் இரண்டு இலக்கங்களோடும் தொடங்கும். அவற்றுள் மூன்றாவது எழுத்து நிறத்தைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, அவ்விடத்தில் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் அவ்வண்டி கறுப்பு நிறமுடையது. ஐந்தாம் இடத்திலுள்ள இலக்கம், பூசப்பட்ட சாயம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும்.

எனினும், இந்தக் குறியீடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஓர் எழுத்து ‘வெளிர்நீலம்’ என்று மட்டுமே கூறும். எந்த வெளிர்நீலம் என்று கூறாது. மேலும், வேறு நாடுகளில் பொருத்துவதற்காகத் தனித்தனிப் பாகங்களாக அனுப்பப்பட்ட வண்டிகளுக்கு ‘எச்’ என்னும் எழுத்து இடப்பட்டது. ‘பாகங்களாக அனுப்பப்பட்டது’ என்பதே அதன் பொருள். அதிலிருந்து நிறத்தை அறிய இயலாது.

பின்னாளில் ஒவ்வொரு நிறத்திற்கும் தனிப் பெயரும் குறியீடும் வழங்கின. ‘பி.யு.’ என்று தொடங்கினால் நீலம், ‘ஜி.ஆர்.’ என்று தொடங்கினால் சாம்பல், ‘ஜி.என்.’ என்று தொடங்கினால் பச்சை. இங்கும் கவனம் தேவை. ‘ஸ்மோக் கிரே’ என்ற நிறத்தின் பெயருக்குப் புகைச்சாம்பல் என்று பொருள். ஆனால், அதன் குறியீடு ‘பி.யு. 15’, அதாவது, நீல வரிசையில் 15ஆம் எண். காரணம், அது நீலம் கலந்த சாம்பல் நிறம். பெயரை மட்டும் கேட்டுக் கடையில் சாம்பல் நிறச் சாயத்தை வாங்கிப் பூசினால், வண்டியின் தோற்றமே மாறிவிடும். அதுபோலவே ‘ஓல்டு இங்கிலிஷ் ஒயிட்’ என்பது பெயரளவில் வெள்ளை. பார்வைக்குப் பாலாடை நிறம். அதனைக் காண்போர், ‘வெள்ளைச் சாயம் நாளடைவில் மஞ்சளாகிவிட்டது’ என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

தொழிற்சாலைப் பதிவேடுகளும் உதவும். இங்கிலாந்தின் கேடன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய பதிவேடுகளைப் பாதுகாத்து வருகிறது. பதிவு கிடைக்கும் வண்டிகளுக்கு, தயாரிக்கப்பட்ட நாள், நிறம் முதலிய விவரங்களைக் குறிப்பிட்டு அது சான்றிதழ் வழங்குகிறது.

உடலில் மறைந்துள்ள நிறம்

ஏடு நிறத்தின் பெயரைத் தரும். நிறத்தைக் கண்ணுக்குக் காட்டுவது வண்டியின் உடலே. ஆனால், வெளியே தெரியும் நிறத்தை அப்படியே நம்ப முடியாது. சாயத்தில் நிறத்தைத் தரும் நுண்துகள்களை நிறமி என்பர். அத்துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் பிணைப்பான் எனப்படும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் இவ்விரண்டையும் தாக்குகின்றன. சில நிறமிகள் வெளுக்கின்றன. பிணைப்பான் சிதைந்து, மேற்பரப்பு சுண்ணத்தூள் படிந்ததுபோல் மங்குகிறது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில் இச்சேதம் விரைவாக நிகழ்கிறது.

ஆகவே, வெயில் படாத இடங்களில் தேடவேண்டும். கதவோர ரப்பர் பட்டையின் அடிப்பகுதி, தரைவிரிப்பின் கீழுள்ள தகடு, பின்புறச் சாமான் அறையின் உட்புறம், கருவிப் பலகையின் பின்பக்கம் ஆகியவை அத்தகைய இடங்கள். அங்குள்ள அழுக்கை மென்மையாகத் துடைத்து, மெருகுப் பசையால் இலேசாகத் தேய்த்தால் பழைய நிறம் தெரியும். இருப்பினும், இருளில் இருந்த சாயம் மாறாமலே இருக்கும் என்று உறுதியாகக் கூறமுடியாது. எண்ணெய் சார்ந்த பழைய சாயங்களுள் சில, வெளிச்சம் படாத இடத்தில்தான் அதிகமாக மஞ்சளாகும். வெள்ளை நிறத்தில் இம்மாற்றம் எளிதில் புலப்படும். எனவே, ஓரிடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் மூன்று நான்கு இடங்களை ஒப்பிடவேண்டும்.

பலமுறை சாயம் பூசப்பட்ட வண்டியாக இருந்தால் வேறொரு முறை கைகொடுக்கும். மறைவான ஓரிடத்தில் நாணய அளவுக்கு, மிக மென்மையான மணல்தாளை நீரில் நனைத்துச் சிறிது சிறிதாகத் தேய்க்கவேண்டும். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் இலேசாகவும் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல நிறங்கள் வட்டம் வட்டமாகத் தெரியும். நடுவே உலோகம், அதனைச் சுற்றி அடிப்பூச்சு, அடிப்பூச்சுக்கு மேலே முதலில் இருப்பது பெரும்பாலும் தொழிற்சாலையில் பூசிய நிறம். ஒரு கதவில் மட்டும் அந்த முதல் நிறம் வேறுபட்டால், அக்கதவு வேறொரு வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

இந்த வளையங்கள் வண்டியின் வரலாற்றையும் வெளிப்படுத்தக்கூடும். 1960ஆம் ஆண்டின் இறுதியில் மைனரின் உற்பத்தி ஒரு மில்லியனை எட்டியது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் மகிழுந்து மைனர்தான். அதனைக் கொண்டாடும் வகையில் 350 வண்டிகளுக்கு மட்டும் வெளிர் ஊதா நிறம் பூசினர். அத்தகைய வண்டி ஒன்றைப் பிற்காலத்தில் யாரேனும் கறுப்பாக மாற்றியிருந்தால், அடியில் மறைந்துள்ள ஊதா வளையம் முக்கியமான சான்றாகும். அவசரப்பட்டு முழுவதையும் தேய்த்துவிட்டால் அச்சான்று தூசியாகிப் போய்விடும்.

இவ்வேலையில் பாதுகாப்பும் முக்கியம். பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கலாம். உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சுடன் உடலுக்குள் செல்லும். நீர் விட்டுத் தேய்ப்பதும், தகுந்த முகக்கவசமும் கையுறையும் அணிவதும் கட்டாயம். பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையின்றி மாணவர்கள் இதில் இறங்கக்கூடாது.

கண்ணும் கருவியும்

பழைய நிறம் கண்டறியப்பட்டதும், அதற்கு ஒப்பான சாயத்தைக் கலக்கவேண்டும். இதற்கு நிறமாலை ஒளிமானி என்னும் கருவி பயன்படுகிறது. அது சாயத்தின்மீது ஒளியைப் பாய்ச்சி, எந்தெந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பதை அளக்கிறது. அந்த அளவுகளைக் கொண்டு, எந்த நிறமியை எத்தனை கிராம் சேர்க்கவேண்டும் என்னும் கலவைக் குறிப்பைக் கணினி தருகிறது.

கருவி இருக்கும்போது கண் எதற்கு என்று கேட்கலாம். பழைய சாயத்தில் இருந்த நிறமிகளுள் சில, ஈயத்தின் நச்சுத்தன்மை போன்ற காரணங்களால் இன்று பயன்படுத்தப்படுவதில்லை. வேறு நிறமிகளைக் கலந்தே அதே நிறத்தை உருவாக்க வேண்டியுள்ளது. அவ்வாறு உருவான இரண்டு சாயங்கள் பட்டறை விளக்கின்கீழ் ஒன்றுபோலவே தோன்றலாம். வெயிலில் வைத்தால் ஒன்று பச்சை சாய்ந்தும் மற்றொன்று சிவப்பு சாய்ந்தும் தெரியலாம். ஒளி மாறும்போது ஒப்புமையும் மாறிவிடுகிறது.

ஆகையால், அனுபவமுள்ளோர் கலந்த சாயத்தை உடனே வண்டியில் பூசமாட்டார்கள். முதலில் ஓர் அட்டையில் அல்லது சிறு தகட்டில் தெளித்து, முழுமையாகக் காயவிடுவார்கள். ஏனெனில், ஈரச் சாயத்தின் நிறமும் காய்ந்த சாயத்தின் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை. பிறகு, அந்த அட்டையைப் பழைய நிறத்தின் அருகில் வைத்து வெயிலிலும் நிழலிலும் விளக்கொளியிலும் பார்ப்பார்கள். அடிப்பூச்சின் நிறம், தெளிக்கும் காற்றின் அழுத்தம், எத்தனை முறை பூசுவது ஆகியவையும் இறுதி நிறத்தைப் பாதிக்கும். எனவே, வண்டிக்குப் பூசப்போகும் முறையிலேயே அட்டைக்கும் பூசிப் பார்ப்பது அவசியம்.

எந்த நிறத்தைப் பின்பற்றுவது?

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. வண்டியின் ஒரு கதவுக்கு மட்டும் சாயம் பூசவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையின் அன்றைய நிறத்தைப் பூசினால், வெளுத்துப்போன மற்ற பாகங்களுக்கு நடுவே அக்கதவு ஒட்டுப்போட்டதுபோல் துருத்திக்கொண்டு தெரியும். அந்நிலையில் இன்றைய வெளுத்த நிறத்திற்கு ஏற்பக் கலப்பதே பொருத்தம். முழு வண்டிக்கும் பூசுவதாக இருந்தால், மறைவிடத்தில் கண்ட அன்றைய நிறத்தைப் பின்பற்றலாம். பழைய சாயம் பெருமளவு நல்ல நிலையில் இருந்தாலோ, அதனைத் தூய்மைப்படுத்தி அப்படியே விட்டுவைப்பதே மேலானது. சில கீறல்கள் இருந்தாலும், அது தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கைபட்ட சாயம் அல்லவா!

எந்த முடிவை எடுத்தாலும், கண்டறிந்தவற்றைப் பதிவு செய்வது நல்லது. நிறத்தின் பெயர், குறியீடு, கலவைக் குறிப்பு, தேய்த்துப் பார்த்த இடங்களின் நிழற்படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்க்கவேண்டும். வண்டியின் மறைவான ஒரு பகுதியில் பழைய சாயத்தைக் கையளவேனும் தொடாமல் விட்டுவைக்கவேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்வண்டியைப் புதுப்பிக்க வருபவர், நம்முடைய முடிவு சரிதானா என்று அந்தக் கையளவுச் சாயத்தைக் கொண்டே சோதித்துப் பார்ப்பார்.

சொற்பொருள்

தடயம் – ஒன்றைக் கண்டறிய உதவும் அடையாளம்
நிறமி – சாயத்திற்கு நிறம் தரும் நுண்துகள்
பிணைப்பான் – துகள்களை ஒன்றுசேர்த்துப் பிடித்து வைக்கும் பொருள்
அடிப்பூச்சு – உலோகத்தின்மீது முதலில் பூசப்படும் பூச்சு
துருத்திக்கொண்டு – மற்றவற்றோடு பொருந்தாமல் தனித்து

சிந்தித்து விடையளி

1. ‘ஸ்மோக் கிரே’ என்னும் பெயரை மட்டும் நம்பிச் சாயம் வாங்கினால் ஏற்படக்கூடிய சிக்கல் யாது?
2. வெயில் படாத இடத்திலுள்ள சாயத்தையும் முழுமையாக நம்ப முடியாது என்று கூறப்படுவதேன்?
3. கருவி அளந்து கூறிய பின்னரும் அட்டையில் பூசிப் பார்ப்பதன் தேவையை விளக்குக.
4. வெளுத்த சாயத்துடன் கூடிய பழைய மகிழுந்து ஒன்று உன் குடும்பத்தில் இருந்தால், அதற்குப் புதிய சாயம் பூசுவாயா, அல்லது பழைய சாயத்தையே பாதுகாப்பாயா? தக்க காரணங்களுடன் எழுதுக.