ஹேர்காசில் சுரங்கக் கால்வாய்: நீரும் காற்றும் ஒழுங்கும்

கால்வாய் வெட்டுவோர் ஒரு குன்றை எதிர்ப்படும்போது அவர்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. குன்றைச் சுற்றிச் செல்லலாம். இரு கதவுகளுக்கிடையே நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் ‘லாக்’ அமைப்புகளைப் படிப்படியாக அமைத்துக் குன்றின் மேல் ஏறி இறங்கலாம். அல்லது குன்றைக் குடைந்து அதனூடே செல்லலாம். முதல் வழியில் தொலைவு மிகும். இரண்டாவது வழியில் குன்றின் உச்சியில் போதிய நீர் கிடைத்தல் அரிது. மூன்றாவது வழி இவ்விரு குறைகளையும் நீக்கும். ஆயினும் இருள், நெருக்கம், காற்றின்மை என்னும் புதிய இடர்களைத் தோற்றுவிக்கும். இவ்விடர்கள் எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டன என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியிலுள்ள ஹேர்காசில் சுரங்கக் கால்வாய் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

முதற் சுரங்கம்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்டாஃபர்ட்ஷயரின் மட்பாண்டத் தொழில் விரைந்து வளர்ந்தது. வெண்களிமண் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. செய்து முடித்த பாண்டங்களோ பொதிக்குதிரைகளின் மேல் கரடுமுரடான பாதைகளிற் சென்று பெருமளவில் உடைந்தன. ஆகவே ட்ரெண்ட், மெர்சி ஆகிய இரு ஆறுகளையும் இணைக்கும் கால்வாய்க்கு மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் பெரிதும் ஆதரவளித்தார். 1766ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அவரே முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கிவைத்தார். பொறியியலாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி ஹேர்காசில் குன்றைக் குடைய முடிவு செய்தார். பல வகைப் பாறைகளும் இடைவிடாத நீரூற்றும் வேலையைத் தடைசெய்தன. ஊறிய நீரை இறைக்க நீராவி இயந்திரங்கள் வேண்டியிருந்தன. பிரிண்ட்லி 1772இல் காலமானார். அவருடைய மைத்துனர் ஹியூ ஹென்ஷல் பணியைத் தொடர்ந்து, 1777இல் நிறைவேற்றினார். 2,633 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தை முடிக்கப் பதினொரு ஆண்டுகள் சென்றன.

சிக்கனம் கருதி இச்சுரங்கம் மிகக் குறுகலாக அமைக்கப்பட்டது. அதன் அகலம் ஏறத்தாழ 2.7 மீட்டர், இக்கால்வாயிற் செல்லும் படகின் அகலமோ ஏறத்தாழ 2.1 மீட்டர். குதிரை நடந்து சென்று படகை இழுப்பதற்குரிய கரைப்பாதை உள்ளே இல்லை. எனவே வாயிலில் குதிரை அவிழ்க்கப்பட்டு, குன்றின் மேலுள்ள பாதை வழியாக மறுபுறம் கொண்டு செல்லப்பட்டது. படகோட்டிகள் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் கால்களால் உந்தி உந்திப் படகைச் செலுத்தினர். கடந்து முடிக்க இரண்டு முதல் மூன்று மணி நேரமாயிற்று. ஒரு சமயத்தில் ஒரு திசையில் மட்டுமே படகுகள் செல்ல முடிந்தமையால் இரு வாயில்களிலும் படகுகள் நெடுநேரம் காத்துக் கிடந்தன. நாட்டுக்கு வளம் கொணர்ந்த வழியே நெருக்கடிக்குரிய இடமாகவும் ஆயிற்று.

இரண்டாவது சுரங்கம்

இந்நெருக்கடியை நீக்கும் பொறுப்பு தாமஸ் டெல்ஃபோர்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பழைய சுரங்கத்துக்கு அருகிலேயே 2,676 மீட்டர் நீளமுள்ள மற்றொரு சுரங்கத்தை 1824இல் தொடங்கி 1827இல் முடித்தார். முன்பு பதினொரு ஆண்டுகள் கொண்ட வேலை இப்போது மூன்றே ஆண்டுகளில் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் பொறியியற் கலை அடைந்த முன்னேற்றத்தை இது காட்டுகிறது. புதிய சுரங்கத்துள் கரைப்பாதை இருந்தபடியால் குதிரைகளே படகை இழுத்துச் சென்றன. ஒரு திசைக்கு ஒன்றாக இரு சுரங்கங்களும் பயன்படுத்தப்பட்டன.

ஆயினும் குன்று அசையாமல் இருக்கவில்லை. அப்பகுதியில் நிலக்கரி தோண்டப்பட்டதால் மேலிருந்த நிலம் சிறிது சிறிதாக அமிழ்ந்தது. சுரங்கம் தாழ்ந்த இடங்களில் அதன் கூரையும் தாழ்ந்தது. நீரோ எங்கும் ஒரே மட்டத்தில் நின்றது. ஆகவே அவ்விடங்களில் கூரைக்கும் நீருக்கும் இடைப்பட்ட வெளி குறைந்தது. கரைப்பாதையும் நீரில் மூழ்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிண்ட்லியின் சுரங்கம் பயனற்றதாகிக் கைவிடப்பட்டது. டெல்ஃபோர்டின் சுரங்கமும் 1973இல் மூடப்பட்டது; கரைப்பாதை அகற்றப்பட்டுப் பழுதுகள் சீர்செய்யப்பட்டபின் 1977இல் மீண்டும் திறக்கப்பட்டது.

காற்று என்னும் பிரச்சினை

குதிரையும் மனிதக் காலும் புகை விடுவதில்லை. நீராவியும் எண்ணெயும் படகைச் செலுத்தத் தொடங்கியபின் சுரங்கத்தின் காற்றே உயிருக்கு அபாயமாயிற்று. இங்கிலாந்தின் மற்றொரு நெடிய கால்வாய்ச் சுரங்கமான பிளிஸ்வொர்த்தில் 1861இல் நீராவிப் படகொன்றின் புகையால் இருவர் மூச்சுத் திணறி மாண்டனர். அதன்பின் அங்குக் காற்றுக்குழிகள் கூடுதலாகத் தோண்டப்பட்டன.

எரிபொருள் முற்றிலும் எரியாதபோது கார்பன் மானாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைக் காட்டிலும் இவ்வாயுவோடு மிக எளிதாக இணைகிறது. ஆகவே உடல் ஆக்சிஜனின்றி வாடுகிறது. தலைவலியும் மயக்கமுமே முதற்குறிகள். அவற்றை உணரும்போதே தப்பிச் செல்லும் வலிமை குறையத் தொடங்கிவிடும்.

ஹேர்காசிலில் இதற்கு இரு பரிகாரங்கள் கையாளப்பட்டன. 1914 முதல் 1954 வரை மின்சாரத்தால் இயங்கிய இழுவைப் படகு ஒன்று மற்றப் படகுகளை வரிசையாக இழுத்துச் சென்றது. 1954இல் தென்வாயிலில் பெரிய காற்றாடிகள் நிறுவப்பட்டன. படகுகள் உள்ளே இருக்கையில் தென்வாயிற் கதவு மூடப்படும். காற்றாடிகள் சுரங்கத்துக் காற்றை வெளியே இழுக்கும். வடவாயில் வழியாகத் தூய காற்று உட்புகுந்து சுரங்கம் முழுவதும் பாயும். கதவைத் திறந்து வைத்தால் காற்றாடிகள் அருகிலுள்ள வாயிற் காற்றையே இழுக்கும். நடுச்சுரங்கத்துப் புகை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்று கடக்கும் முறை

சரக்குப் போக்குவரத்து நின்றுபோன பின் இக்கால்வாய் இன்பப் பிரயாணத்துக்கும் வாழ்விடப் படகுகளுக்கும் உரியதாயிற்று. கால்வாய் மற்றும் ஆற்று அறக்கட்டளை 2012 முதல் இதனைப் பராமரித்து வருகிறது. சுரங்கக் காவலர்கள் இரு வாயில்களையும் கவனித்து, படகுகளைத் தொகுதி தொகுதியாக ஒரு திசைக்குப் பின் மறு திசையாக அனுப்புகின்றனர். உள்ளே சென்ற படகுகள் எத்தனை, வெளிவந்தவை எத்தனை என்னும் கணக்கே இம்முறையின் உயிர்நாடி. நுழையுமுன் படகின் உயரம் அளவுகோலால் சோதிக்கப்படுகிறது. முன்விளக்கும் ஊதுகுழலும் சரியாக உள்ளனவா எனப் பார்க்கப்படுகிறது. இயந்திரமில்லாத துடுப்புப் படகுகளுக்கு அனுமதியில்லை. திறந்திருக்கும் நேரம் பருவத்துக்கேற்ப மாறும்.

கடக்க ஏறத்தாழ 40 நிமிடமாகும். விரைந்து வெளியேறும் ஆசையில் இயந்திரத்தை முடுக்குவதால் பயனில்லை. படகு முன்னேற வேண்டுமானால், அது விலக்கும் நீர் பக்கங்களிலுள்ள சிறு இடைவெளி வழியாகப் பின்னோக்கிப் பாய வேண்டும். குறுகிய வழியில் அந்நீர் எளிதிற் பாயாது. படகின் பின்பகுதி அமிழும். வேகம் கூடாமல் புகை மட்டும் கூடும்.

வடவாயிலை அடுத்துள்ள கிட்ஸ்குரோவில் கால்வாய் நீர் செம்மஞ்சள் நிறமாகத் தோன்றும். பாறையிலுள்ள இரும்புத் தாது ஊற்றுநீருடன் கலப்பதே காரணம். அங்குள்ள ஹார்டிங்ஸ்வுட் சந்தியில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் கால்வாய் பிரிகிறது. சந்தியைத் தாண்டி வடமேற்கே ரெட்புல் லாக்குகள் வழியாகப் படகுகள் செஷயர் சமவெளிக்கு இறங்குகின்றன. தென்புறத்தில் வெஸ்ட்போர்ட் ஏரியின் அருகே படகுகள் கட்டி நிற்க இடமுண்டு. முறை வரும்வரை இத்தகைய இடங்களில் தங்கி, படகைச் சோதித்துக்கொள்வது நல்வழக்கமாகும்.

களப்பணியாளர் அறிய வேண்டியது

ஹேர்காசிலின் பாடம் கால்வாய்களுக்கு மட்டும் உரியதன்று. காற்று புழங்காத எவ்விடத்திலும் எரியும் இயந்திரம் அதே நஞ்சையே தோற்றுவிக்கும். ஆழ்ந்த கிணற்றினுள் ஆயில் எஞ்சினை இறக்கி ஓட்டுவதும், அது நின்றவுடன் பழுது பார்க்க உள்ளே இறங்குவதும் உயிரைப் பறிக்கக்கூடியவை. அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை ஆக்சிஜன் மிகக் குறைந்துள்ளதை மட்டுமே காட்டும். உயிரைப் போக்கும் அளவுக்குக் கார்பன் மானாக்சைடு இருக்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். எனவே எஞ்சினை மேலேயே நிறுத்துதல் வேண்டும். உள்ளே மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற மற்றொருவர் தக்க சுவாசக் கருவியின்றிக் குதித்தல் கூடாது. யார் உள்ளே சென்றார், யார் வெளிவந்தார் எனக் கணக்கு வைப்பவர் ஒருவர் மேலே நிற்க வேண்டும். சுரங்கக் காவலரின் கடமையும் இதுவே.

வகுப்பறைப் பயிற்சி

1. பப்பாளி இலைக் காம்பு ஒன்றை எடுத்து, வாய்வைக்கும் முனைக்கு அருகில் பக்கவாட்டில் ஒரு துளையிடுக. மறுமுனையைக் குடிநீரில் வைத்து உறிஞ்சினால் காற்றே வரும். துளையை விரலால் மூடினால் நீர் ஏறும். தென்வாயிற் கதவு ஏன் மூடப்படுகிறது என்பதை மாணவர் இதனால் உணர்வர்.

2. 2,676 மீட்டரை 40 நிமிடத்திற் கடக்கும் படகின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர். 2,633 மீட்டரை மூன்று மணி நேரத்திற் கடந்த பழைய படகின் வேகத்தைக் கணக்கிட்டு ஒப்பிடச் செய்க.

3. நிலம் அமிழ்ந்தபோது நீர்மட்டம் ஏன் மாறவில்லை? கூரை ஏன் நீரை நெருங்கியது? படம் வரைந்து விளக்கச் செய்க.