ஐகானைக் கிளிக் செய்தால் பழைய செட்டிங்கே வருகிறதா?

அத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் சி டிரைவ் நிரம்பி, கல்யாண வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்த புரோகிராம் பாதியில் நின்றுவிட்டது. டி டிரைவிலோ இடம் தாராளம்!

தற்காலிக ஃபைல்களை எங்கே வைப்பது என்று புரோகிராம்களுக்குச் சொல்பவை டெம்ப், டிஎம்பி என்ற இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் செட் கட்டளை கொடுத்து இரண்டையும் டி டிரைவுக்கு மாற்றினேன். டெஸ்க்டாப் ஐகானைக் கிளிக் செய்தேன். மறுபடியும் சி டிரைவ்தான் நிரம்பியது. "இன்ஜினியர்தானே நீ?" என்றார் அத்தை.

தவறு என்னுடையதுதான். ஒவ்வொரு புரோகிராமும் தொடங்கும்போது, தன்னைத் திறந்துவிட்ட புரோகிராமிடமிருந்து வேரியபிள்களின் நகலைப் பெற்றுக்கொள்கிறது. செட் கட்டளை அந்தக் கறுப்பு விண்டோவுக்கும், அதிலிருந்து திறப்பவற்றுக்கும் மட்டுமே செல்லும். ஐகானைக் கிளிக் செய்யும்போது புரோகிராமைத் திறப்பது எக்ஸ்புளோரர். அதற்கு என் மாற்றம் தெரியாது.

முதலில் டி டிரைவில் ஒரு ஃபோல்டரை உருவாக்குங்கள். விண்டோஸ் 10 அல்லது 11-ல் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து என்விரான்மென்ட் என டைப் செய்து, 'எடிட் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஃபார் யுவர் அக்கவுன்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். யூசர் வேரியபிள்ஸ் பகுதியில் டெம்ப் மீது கிளிக் செய்து, எடிட் அழுத்துங்கள். பிரவுஸ் டைரக்டரி மூலம் புதிய ஃபோல்டரைக் காட்டி ஓகே கொடுங்கள். டிஎம்பி-யையும் மறக்காமல் மாற்றுங்கள்; தற்காலிக இடம் எது என்று புரோகிராம் கேட்டால் விண்டோஸ் முதலில் பார்ப்பது அதைத்தான். கடைசியில் எல்லா விண்டோவிலும் ஓகே.

ஏற்கெனவே திறந்திருக்கும் புரோகிராம்களிடம் பழைய நகல்தான் இருக்கும். மூடிவிட்டுத் திறந்தால் போதும். அதே பட்டியலில் பாத் என்று ஒன்று தெரியும். அதில் மட்டும் கை வைக்காதீர்கள். அத்தையின் வீடியோ அன்றிரவே தயாராகிவிட்டது.