பழைய சிலிண்டரில் புது ரிங்

கார் என்ஜினில் பிஸ்டன் ரிங் தேய்ந்தோ ஒடிந்தோ போனபின் அதை மாற்றும் வேலையில் செலவு முழுவதையும் வீணாக்கிவிடக்கூடிய பிழை ஒன்றுண்டு: சிலிண்டரின் தேய்மானத்தை அளக்காமல் புது ரிங்கை அதற்குள் இறக்கிவிடுவது. ரிங் உரசி ஓடும் சுவரைப் பாராமல் ரிங்கை மட்டும் புதிதாக்குவது பழுதுநீக்கம் ஆகாது என்பதற்கு, சென்னையில் அவ்வாறு ரிங் மாற்றப்பட்டுச் சில மாதங்களிலேயே மறுபடியும் நீலப் புகை விடத் தொடங்கிய ஒரு மாருதி 800 போதிய சான்றாகும்.

ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில் என்ஜின் பொறியாளர் 1850களில் நீராவி என்ஜினுக்காக வடிவமைத்த, ஓரிடத்தில் வெட்டு விடப்பட்ட உலோக வளையமே இன்றைய பிஸ்டன் ரிங்கின் முன்னோடி. வெட்டு இருப்பதால் அது தன் விறைப்பாலேயே விரிந்து சுவரை அழுத்துகிறது. எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்கின் முதுகுப்புறம் புகுந்து அப்பிடிப்பை மேலும் இறுக்குகிறது. மாருதி 800இன் 796 சி.சி. என்ஜினில் மூன்று சிலிண்டர்கள் உண்டு. ஒவ்வொன்றின் உள்விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 72 மில்லிமீட்டர். ஒரு பிஸ்டனில் மேலிரண்டு ரிங்குகள் அழுத்தத்தைக் காக்க, மூன்றாவதான ஆயில் ரிங் சுவரில் மிகுந்த எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புகிறது.

மேற்சொன்ன வண்டியில் ரேடியேட்டர் மின்விசிறி நின்றுபோய் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறியதே முதற்பழுதின் காரணம். சூட்டில் ரிங் நீண்டு அதன் இரு முனைகளும் முட்டிக்கொண்டால், மேலும் விரிய இடமின்றிச் சுவரைக் கீறும் அல்லது ஒடியும். இரண்டாம் சிலிண்டரில் இரண்டுமே நேர்ந்தன. நோயைக் கண்டறிவது எளிது. கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாகச் சிறிது என்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி அளக்கையில் அழுத்தம் ஏறினால் குறை ரிங்கில் அல்லது சிலிண்டர் சுவரில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில்.

வண்டியை ஏற்ற பட்டறை, என்ஜினை இறக்காமலே ஹெட்டையும் அடித்தொட்டியையும் மட்டும் கழற்றி, பிஸ்டன்களை மேல்வழியாக எடுத்து, புது ரிங் மாட்டித் திருப்பித் தந்தது. இம்முறை கூலியைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் என்ஜின் வண்டியிலேயே இருக்கும்போது சிலிண்டரைச் சாணை பிடித்தால் பொடி கிராங்க் தண்டின்மேல் விழும் என்பதால், பட்டறைகள் அந்த வேலையையே விட்டுவிடுகின்றன அல்லது எமரித் தாளைக் கையால் மேலும் கீழும் தேய்த்து முடித்துக்கொள்கின்றன. குறை சொல்லப்பட்டபோது, ரிங்கைச் சிலிண்டர் வாயில் வைத்து அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியைப் பார்த்ததாகவும் அது சரியாகவே இருந்ததாகவும் அப்பட்டறை விடையளித்தது. சிலிண்டரின் வாயில் ரிங் ஒருபோதும் உரசுவதில்லையாதலால் அங்கே தேய்மானமும் இல்லை. சரியாக இருந்ததில் வியப்பும் இல்லை. அதற்குச் சற்றுக் கீழே, பிஸ்டன் நின்று திரும்புவதும் சூடு உச்சத்தில் இருப்பதும் எண்ணெய்ப் படலம் மெலிவதும் ஒருங்கே நிகழும் இடத்தில்தான் சுவர் மிகுதியாகத் தேய்கிறது.

பின்னர் என்ஜின் முழுதாகப் பிரிக்கப்பட்டு போர் கேஜ் கொண்டு அளக்கப்பட்டபோது, இரண்டாம் சிலிண்டரின் அவ்விடத்தில் விட்டம் 0.12 மில்லிமீட்டர் கூடியிருந்தது. இது அற்பமாகத் தோன்றும். ஆனால் விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல் 3.14 மடங்கு கூடும் என்பதால், ரிங்கின் இடைவெளி ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் விரிந்துவிடும். இந்த அளவுள்ள சிலிண்டருக்குப் புது ரிங்கின் இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியபோது, அங்கு அது 0.63ஐ எட்டியிருந்தது. மேலும், தேயாத வாய்க்கும் தேய்ந்த பகுதிக்கும் இடையே உருவான திட்டில் கூர்விளிம்புள்ள புது ரிங் இடித்து மறுபடி ஒடியவும் வாய்ப்பிருந்தது.

செம்பியத்தில் பிஸ்டனும் புறநகரான மறைமலை நகரில் பிஸ்டன் ரிங்கும் தயாராகும் சென்னையில், ஓர் அளவுகோலைச் சிலிண்டருக்குள் நுழைத்துப் பார்க்கச் சோம்புவதை மன்னிக்க முடியாது.

புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் பழைய என்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்துவதே மலிவு என்று பலரும் கூறினர். முன்பின் தெரியாத என்ஜினின் சிலிண்டரும் அளக்கப்படாத சிலிண்டரே என்பதால், அந்த யோசனை ஏற்கப்படவில்லை. மூன்று சிலிண்டர்களையும் 0.25 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அதற்குரிய பெரிய அளவுப் பிஸ்டனும் ரிங்கும் பொருத்தியது செலவு மிகுந்ததாயினும் சரியான முடிவே. கடைந்தபின் செய்யும் ஹோனிங், அதாவது சாணைக்கல்லைச் சுழற்றியபடி ஏற்றி இறக்கிச் சுவரில் குறுக்குநெடுக்கான நுண்கீறல்களை உண்டாக்குவது, எண்ணெய் தங்குவதற்கும் புது ரிங் சுவரோடு பொருந்துவதற்கும் இன்றியமையாதது. கண்ணாடிபோல் வழுவழுத்த சுவரில் ரிங் படியாது. ஹோனிங்கின் பொடியை மண்ணெண்ணெய் மட்டும் கொண்டு நீக்க இயலாது; சோப்பும் வெந்நீரும் இட்டுத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தோய்ந்த வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் கருமை படாத நிலை வரவேண்டும்.

எஞ்சியவை வழக்கமான வேலைகள். ரிங் பள்ளத்திலுள்ள கரியைச் சுரண்ட வேண்டும், எழுத்துப் பொறித்த பக்கம் மேலே இருக்க வேண்டும், வெட்டுகள் ஒரே நேர்க்கோட்டில் அமையலாகாது. வண்டி ஓடத் தொடங்கியதும் நெடுநேரம் ஐட்லிங்கில் விடாமல், வேகத்தை ஏற்றியும் இறக்கியும் மிதமான சுமையில் ஓட்டினால் ரிங் படியும். சென்னையில் வண்டி வைத்திருப்போருக்கு விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலை இதற்கு ஏற்றது. முதல் ஆயிலைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும்.

ரிங் வாங்கப் பணம் கொடுக்கும் முன்பு, ஒவ்வொரு சிலிண்டரையும் மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரு திசைகளில் அளந்து தாளில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் பட்டறையிடம் என்ஜினை ஒப்படைக்கக் கூடாது.