தாயம் விழுமா? நிபந்தனை நிகழ்தகவைப் பற்றிச் சில கணக்குகள்



நிகழ்தகவு என்றாலே நம்மில் பலருக்கு "சாய்ஸில் விடுற பாடம்" என்றுதான் அர்த்தம். சாதாரண நிகழ்தகவையாவது எப்படியோ ஒப்பேற்றி விடுகிறோம். 'நிபந்தனை நிகழ்தகவு' என்று கேள்வி வந்ததும் பேனாவை மூடிவிடுகிறோம். சூத்திரத்தை நெட்டுருப் போட்டவர்கள்கூட எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்று பரீட்சை ஹாலில் விழிக்கிறார்கள். இத்தனைக்கும் இது திண்ணையில் தாயம் ஆடுகிற பாட்டிமார்கள் வாய்க்கணக்காகவே போடுகிற விஷயம். ஆகவே புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தாயக்கட்டையையே கையில் எடுப்போம்.

முதலில் 'நிபந்தனை' என்றால் என்ன? எங்கள் ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. "நாளைக்குக் காலையில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா?" என்று கேட்டால் ஒரு பதில். "நாளைக்கு வெள்ளிக்கிழமைப்பா" என்று சேர்த்துச் சொன்னால் வேறு பதில். பஸ் அதே பஸ்தான், ரூட்டும் அதேதான். ஆனால் நமக்கு ஒரு செய்தி கூடுதலாகத் தெரிந்துவிட்டது. ஏழு நாளையும் மனதில் வைத்திருந்த நாம், மற்ற ஆறு நாளை அடித்துவிட்டு வெள்ளிக்கிழமைகளை மட்டும் எண்ணுகிறோம். தெரிந்த செய்திக்கு ஒத்துவராததை அடித்துவிட்டு மிச்சத்தில் எண்ணுவது. நிபந்தனை நிகழ்தகவு இவ்வளவுதான்.

இப்போது தாயக்கட்டை. பித்தளையில் நீளமாக, நான்கு பக்கம் உள்ள இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் 1 புள்ளி, ஒரு பக்கம் 2, ஒரு பக்கம் 3, மீதி ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் 4 × 4 = 16 விதமாக விழலாம். அதுதான் நம் கூறுவெளி. ஒன்றில் வெறுமை, மற்றதில் 1 என்றால் தாயம். இரண்டும் வெறுமை என்றால் பூஜ்யம் கிடையாது, 12! கூட்டிப் பார்த்தால் 16-இல் தாயம் 2 விதமாக வரும். 2 என்பது 3 விதம். 3 என்பது 4 விதம். 4 என்பது 3 விதம். 5 என்பது 2 விதம். 6-ம் 12-ம் தலா ஒரே விதம். தாயம் விழும் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. தாயம் விழாமல் காயை இறக்க முடியாது என்பதால், எத்தனை பேர் எத்தனை நேரம் கட்டையை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த 1/8 தான் காரணம்.

சரி, உருட்டிவிட்டோம். இடது கட்டை நின்றுவிட்டது, வெறுமை காட்டுகிறது. வலது கட்டை இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. இப்போது தாயம் விழ என்ன வாய்ப்பு? 16-ஐ மறந்துவிடுங்கள். இடதில் வெறுமை இருப்பவை 4 மட்டும். அதில் தாயம் 1. எனவே 1/4. இடது கட்டை 2 காட்டியிருந்தால்? தாயத்துக்கு வாய்ப்பே இல்லை, 0. ஒரே உருட்டலில் 1/8 என்பது 1/4 ஆகவும் மாறுகிறது, 0 ஆகவும் மாறுகிறது. கட்டையில் எந்த மாற்றமும் இல்லை. நமக்குத் தெரிந்ததுதான் மாறியது.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பரவலான வழக்கு (4-க்கும் மறு ஆட்டம் கொடுக்கிற ஊர்கள் உண்டு, அவர்கள் கணக்கை மாற்றிக்கொள்ளட்டும்). நீங்கள் உள் அறையில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். திண்ணையிலிருந்து "இன்னொரு ஆட்டம்!" என்று ஒரு சத்தம் கேட்கிறது. விழுந்தது தாயமாக இருக்க என்ன வாய்ப்பு? மறு ஆட்டம் கிடைக்கும் விதங்கள் 2 + 2 + 1 + 1 = 6. அதில் தாயம் 2. எனவே 2/6 = 1/3. இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். தாயம் விழுந்தது தெரியும். மறு ஆட்டம் உண்டா? கட்டாயம் உண்டு. நிகழ்தகவு 1.

'தாயம் என்றால் மறு ஆட்டம்' – 1. 'மறு ஆட்டம் என்றால் தாயம்' – 1/3. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் இந்தப் பாடத்தில் நடக்கிற முக்கால்வாசித் தப்பு. பரீட்சையில் மட்டுமில்லை, வெளியேயும்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

புத்தகத்துச் சூத்திரமும் இதையேதான் சொல்கிறது. 'ஆ' நடந்தது தெரிந்தபின் 'அ' நடக்கும் நிகழ்தகவை நி(அ/ஆ) என்று எழுதினால்,

நி(அ/ஆ) = நி(அ, ஆ இரண்டும்) ÷ நி(ஆ)

தெரிந்த செய்தி எதுவோ அது கீழே. அவ்வளவுதான். மேலே உள்ள கணக்கில் 2/16-ஐ 6/16-ஆல் வகுத்தால் அதே 1/3. ஆறு பக்கப் பகடைக்காரர்களும் ஒன்று செய்து பாருங்கள்: இரண்டு பகடையில் கூட்டல் 10 அல்லது அதற்கு மேல் என்று தெரிந்தால், ஒன்றிலாவது 6 இருக்கும் நிகழ்தகவு 5/6. ஒன்றிலாவது 6 இருப்பது தெரிந்தால், கூட்டல் 10-ஐத் தொடும் நிகழ்தகவு 5/11. மேலே 5 மாறவில்லை. கீழே எண்ணுகிற கூட்டம்தான் 6-இலிருந்து 11 ஆகிவிட்டது.

அடுத்தது கொஞ்சம் குசும்பான கணக்கு. மறுபடி தாயக்கட்டைக்கே வருவோம். 12 விழ வேண்டும். "இடது கட்டை வெறுமை" என்று ஒருவன் சொல்கிறான். வாய்ப்பு 1/4. இன்னொருவன், கட்டைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, "ரெண்டுல ஒண்ணாவது வெறுமைடா" என்று மட்டும் சொல்கிறான். இதற்கும் 1/4 தானே என்று தோன்றும். எண்ணுங்கள்: இடது வெறுமையாக 4 விதம், வலது வெறுமையாக 4 விதம், இரண்டிலும் வருகிற ஒன்றை இரண்டு தடவை எண்ணிவிட்டோம், ஆக 7. அதில் 12 என்பது 1. வாய்ப்பு 1/7! முதல் ஆள் எந்தக் கட்டை என்று காட்டிவிட்டான். இரண்டாவது ஆள் காட்டவில்லை. காட்டாததால் தாயம், 2, 3 ஆகிய ஒவ்வொன்றும் இரண்டு பக்கமாகவும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. செய்தி என்ன என்பதோடு, அது எப்படி நம் காதுக்கு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். "ஒன்றாவது" என்ற சொல் கேள்வியில் இருந்தால் அதன் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

"ஏழு தடவையா தாயமே விழல, இப்ப கண்டிப்பா விழும்" என்று வாதாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடர்ந்து ஏழு உருட்டலில் தாயம் வராமல் இருக்கும் நிகழ்தகவு 7/8-ஐ ஏழு தடவை பெருக்கினால் கிடைக்கும்; சுமார் 0.39. அதாவது அது ஒன்றும் அதிசயமில்லை. எட்டாவது உருட்டலுக்கு அதே 1/8 தான். பித்தளைக்கு ஞாபகசக்தி கிடையாது. இதைத்தான் 'சார்பற்ற நிகழ்ச்சிகள்' என்கிறோம்: செய்தி கிடைத்தும் விடை மாறாதவை.

மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒன்று. 16 விதமும் சம வாய்ப்பு என்று நாம் எடுத்துக்கொண்டது, கட்டையின் குறுக்குவெட்டு சரியான சதுரம் என்ற நம்பிக்கையில். ஃபிட்டிங் ஷாப்பில் அரம் போட்டுக் கட்டை செய்தால் ட்ரை ஸ்கொயரும் வெர்னியரும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அகலமாகிவிட்டால் கட்டை அந்தப் பக்கமாகவே அதிகம் படுக்கும். நம் 1/8 போய்விடும்.

இந்தக் கணக்கு சூதாட்டத்தில் பிறந்தது என்பார்கள். 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும், பாதியில் நின்ற ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கடிதம் எழுதிக்கொண்டார்கள். கேள்வியைத் திருப்பிப் போடும் வழியைக் காட்டிய தாமஸ் பேயஸின் கட்டுரை, அவர் இறந்தபின் 1763-இல் அச்சேறியது. நம் மகாபாரதத்து நளன் கதையில், இருதுபர்ண மன்னன் தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் நளனுக்குச் சூதின் ரகசியத்தையும் சொல்லிக்கொடுக்கிறான். எண்ணிக்கைக்கும் பகடைக்கும் உறவு இருக்கிறது என்று அந்தக் கதை சொன்னவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சரி, திண்ணையில் கேட்ட அந்தச் சத்தத்துக்கு வருவோம். அதே கணக்கு நம் வேலூரில் உயிர்க் கணக்காக வந்தது, 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் மேற்படிப்புப் படித்த செல்லப்பன் நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டதா என்று தேடினார்கள். நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 'எலிசா' முறையில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் 'பாசிட்டிவ்'. நாட்டிலேயே முதன்முதலாக! ஆனால் அத்தோடு விடவில்லை. அமெரிக்காவில் 'வெஸ்டர்ன் பிளாட்' என்ற வேறு முறையில் சோதித்து உறுதி செய்தார்கள்.

ஏன் இரண்டாவது சோதனை? கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 10,000 பேர், அவர்களில் 20 பேருக்குக் கிருமி. சோதனை அந்த 20 பேரையும் பிடித்துவிடுகிறது. கிருமி இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஒருவரைத் தவறாக 'பாசிட்டிவ்' என்கிறது. மீதி 9,980 பேரில் சுமார் 100 பேர் அப்படி மாட்டுவார்கள். மொத்தம் 'பாசிட்டிவ்' 120. உண்மையில் கிருமி உள்ளவர்கள் 20. 'கிருமி இருந்தால் பாசிட்டிவ்' என்பது 1. 'பாசிட்டிவ் என்றால் கிருமி' என்பது 20/120 = 1/6. ஆறு பக்கப் பகடையில் ஒன்று விழுகிற வாய்ப்புதான்! அந்த ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒருவரைத் தள்ளி வைத்தால், ஆறு பேரில் ஐந்து பேருக்கு அநியாயம் செய்கிறோம்.

அந்த 120 பேரையும் வேறொரு முறையில் சோதித்து, அதுவும் நூற்றுக்கு ஒன்று தவறினால், 20 பேரும் ஒரே ஒரு அப்பாவியும் மிஞ்சுவார்கள்: 20/21. 'வேறொரு முறை' என்பது முக்கியம். அதே கிட்டில் மறுபடி பார்த்தால், முதல் தடவை ஏமாற்றிய அதே காரணம் மறுபடியும் ஏமாற்றலாம். அப்போது இரண்டும் சார்பற்றவை என்று பெருக்க முடியாது. நோய்க்குறி எதுவும் இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு என்று சொல்ல, வெவ்வேறான மூன்று சோதனைகள் வேண்டும் என்று நம் நாட்டு விதி வைத்திருப்பது இதனால்தான். சோதிக்கப்படும் கூட்டம் மாறினாலும் விடை மாறும். 10,000 பேரில் 2,000 பேருக்குக் கிருமி இருந்தால், அதே சோதனைக்கு 2,000/2,080. வெள்ளிக்கிழமை பஸ் போலத்தான்.

வேலைக்குச் சேர்க்க எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்தது. எந்த வியாதிக்கானாலும், "அவனுக்கு டெஸ்ட்ல பாசிட்டிவாம்" என்று யாராவது காதில் ஓதினால், எத்தனை பேரில், எத்தனை சோதனையில் என்று திருப்பிக் கேளுங்கள்.

கடைசியாக, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 200 ஆட்டுத் தோல்கள். 10-இல் உண்ணிக் கடித் தழும்போ கீறலோ உண்டு. தரம் பிரிப்பவர் கெட்ட தோல் பத்தில் 9-ஐச் சரியாக ஒதுக்குகிறார். நல்ல தோலிலும் பத்துக்கு ஒன்றைத் தவறாக ஒதுக்கிவிடுகிறார். ஒதுக்கிய குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலை எடுத்தால், அது உண்மையில் கெட்டதாக இருக்கும் நிகழ்தகவு என்ன? போட்டுப் பார்த்த பிறகு மேலே படியுங்கள். ஒதுக்கியவை 9 + 19 = 28; விடை 9/28, மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஏற்றுக்கொண்ட 172-இல் கெட்டது ஒன்றே ஒன்று. ஆளை மாற்ற வேண்டுமா, ஒதுக்கிய 28-ஐ இன்னொரு மேஜையில் இன்னொருவர் பார்க்க வேண்டுமா என்று ஷிஃப்ட் சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே முடிவு செய்யுங்கள்.