ஊசி முனையும் சுகாதார ஆய்வாளரும்

பச்சை குத்துவது நமக்குப் புதிதன்று. திருத்துறைப்பூண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பாட்டிமார் முன்கையில் தேளோ, கோலமோ, கணவர் பெயரின் முதலெழுத்தோ மங்கலாகத் தெரிவதை இன்றும் காணலாம். அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கும் நாட்களில் பச்சை குத்தும் பெண் தெருவில் வருவாளாம். விளக்குக் கரியைக் குழைத்து ஊசியால் குத்தி, மேலே மஞ்சளைத் தடவி, கூலியாக நெல்லை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாளாம். அதே ஊசியும் அடுத்த வீட்டுக்குப் போயிற்று என்பதைப் பாட்டிமார் கதையில் யாரும் சொல்வதில்லை!

இன்று அது டாட்டூ என்னும் பெயரில் நகரங்களில் கண்ணாடிக் கடையாகிவிட்டது. மின்சாரத்தால் ஓடும் கருவிக்கு 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் காப்புரிமை பெற்றார். கருவி மாறினாலும் வேலை ஒன்றே. நம் மேல்தோல் நாள்தோறும் உதிர்ந்து புதிதாக வளர்வது. ஆகவே மையை அதற்கும் கீழே, அடித்தோலில் வைக்கிறார்கள். அங்கே இரத்தக் குழாய்கள் உண்டு. ஒருவரைக் குத்திய ஊசி மற்றொருவரைக் குத்தினால் கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் பி, சி வைரஸ்களும், எய்ட்ஸ் நோய்க்கான எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாட்கள்கூட உயிர்ப்புடன் இருக்க வல்லது. அதற்குத் தடுப்பூசி உண்டு. சி வகைக்கு இன்னும் இல்லை. பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டு இரத்த தானம் செய்யலாகாது என்பதும் இதனாலேதான்.

திருச்சியில் நடந்ததைப் பலரும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2024 டிசம்பரில் மேலச்சிந்தாமணியில் இருந்த ஒரு டாட்டூ கடைக்கு மாநகராட்சி சுகாதாரத் துறையினர் சீல் வைத்தனர். மருத்துவப் பயிற்சி இல்லாமலே அங்கே நாக்கை இரண்டாகப் பிளக்கும் அறுவை செய்தார்கள் என்று இருவர் கைது செய்யப்பட்டனர். கடைக்கு முறையான உரிமமும் இல்லையாம். நாக்கு இரத்த ஓட்டம் மிகுந்த உறுப்பு. அதை அறுப்பது மருத்துவமனையில் செய்ய வேண்டிய காரியம் என்பது எங்களைப் போன்ற பத்தாம் வகுப்பு மாணவியருக்கே தெரியும்.

நியூயார்க் நகரமோ 1961இல் கல்லீரல் அழற்சிக்கு அஞ்சி, பச்சை குத்தும் தொழிலையே தடை செய்தது. 1997இல்தான் தடை நீங்கியது. முழுவதும் தடை செய்வதைவிட, கடைக்குள் சென்று பார்ப்பதே நல்ல வழி என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தடை செய்த தொழில் மறைவிடத்துக்குப் போய்விடும். மறைவிடத்துக்கு ஆய்வாளர் வருவதில்லை.

கடைக்குள் எதைப் பார்க்க வேண்டும்? ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியா, மையைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்களா, மீண்டும் பயன்படுத்தும் கருவிகளை அழுத்த நீராவியில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 நிமிடங்களேனும் வைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். காது குத்தும் பிளாஸ்டிக் துப்பாக்கி அவ்வெப்பத்தைத் தாங்காது. அதிலும் காதின் மேல்புறம் குருத்தெலும்பு. இரத்த ஓட்டம் குறைவு. அங்கே சீழ் பிடித்தால் எளிதில் ஆறாது, காதின் வடிவமே கெடலாம். தோழியர் சிலர் மேற்காதிலும் வளையம் மாட்ட ஆசைப்படுவதால் இதைச் சொல்கிறோம்.

திருச்சி விவகாரம் வெளிவந்தது எப்படி? நாக்குப் பிளப்பைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் பரப்பியதால்தான். அவ்வாறு படம் போடாத கடையைப் பற்றி யார் புகார் செய்வார்கள்? பாதிக்கப்பட்டவரே செய்வார் என்றால், பி வைரஸ் நோய்க்குறியைக் காட்ட 30 முதல் 180 நாட்கள் ஆகும். சி வகையோ பலரிடம் பல ஆண்டுகள் அமைதியாகவே இருக்கும். நம் பகுதித் திருவிழாக்களில் பாயை விரித்து, ஒரு மைக் கிண்ணத்துடன் பச்சை குத்த உட்காருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். ஆய்வாளர் வர வேண்டியது திருவிழாவின் முதல் நாளில். குத்திக்கொண்டவரின் கண் மஞ்சளாகும்போது பந்தலைப் பிரித்திருப்பார்கள். அந்த மைக் கிண்ணம் வேறோர் ஊர்த் திருவிழாவில் இருக்கும்.