பிள்ளைக்கு ஒரு வாத்தியம்: வாங்குமுன் சிந்திப்போம்

உழவு மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார், நுகத்தில் பூட்டியும் பார்ப்பார். ஆனால் பிள்ளை வாத்தியம் கேட்டதும், கடைக்காரர் காட்டுவதையே வாங்கிவிடுகிறோம். சில மாதங்களில் அது மூலையில் கிடக்கிறது. காசும் போய், பிள்ளையின் ஆசையும் போய்விடுகிறது.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமன்று. ஊரை விட்டு வந்தபோது மத்தளத்தையும் சல்லரியையும் பலர் விட்டுவிட்டே வந்தார்கள். கூத்தறிந்த அண்ணாவியார் ஓரிடத்தில், ஆடியவர்கள் வேறிடத்தில். பெரியவர்களின் கைவித்தை பிள்ளைகளுக்கு மாறாவிட்டால் அது ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். ஆதலால் வாத்தியம் வேண்டும். ஆனால் விதைநெல்லை விற்று அதை வாங்க வேண்டாம்.

1. காசில்லாத முதற் பாடம்

தாளமும் குரலும் எல்லாரிடமும் உண்டு. ஆதிதாளத்துக்கு 8 எண்ணிக்கை: ஒரு தட்டு, சிறுவிரல் தொடக்கம் மூன்று விரல் எண்ணுதல், பின்பு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. சரளி வரிசையைப் பாடியபடி பிள்ளை இதைப் போடட்டும். இரண்டு மூன்று மாதம் சலிக்காமல் செய்கிற பிள்ளைக்கு வாங்கும் வாத்தியம் வீண்போகாது.

2. கற்பிப்பவர் யார்?

நடந்து போகும் தூரத்தில் எந்த வாத்தியம் தெரிந்தவர் இருக்கிறாரோ, அந்த வாத்தியமே நல்ல தெரிவு. வயலின் அழகானது, ஆனால் விரல் வைக்கும் இடத்தைக் காட்ட அதில் அடையாளமில்லை. அருகிலிருந்து திருத்துபவர் இல்லாவிட்டால் பிழையே பழகிவிடும். வாங்கும்போதும் அவரையே கூட்டிச் செல்லுங்கள்.

3. எதில் எதைப் பார்ப்பது?

புல்லாங்குழல்: விலை குறைந்தது, பையில் கொண்டு செல்லலாம். கர்நாடக இசைக் குழலில் ஊதும் துளையைத் தவிர 8 துளைகள் இருக்கும். நீண்ட குழலில் துளைகள் தள்ளியிருப்பதால் சிறு விரல்கள் எட்டா. பிள்ளைக்குக் குறுகிய குழலே ஏற்றது. வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். முதல் நாட்களில் ஓசை வராவிட்டால் மனந்தளர வேண்டாம். தலைசுற்றினால் சற்று ஓய்வெடுக்கட்டும்.

மிருதங்கம்: தோல் பழுதானால் மாற்றலாம், கட்டை வெடித்தால் பயனில்லை. ஆகவே பாவித்ததை வாங்கும்போது பலாக்கட்டையில் வெடிப்பும் பூச்சித் துளையும் உண்டா என்று முதலில் பாருங்கள். மழைக்காலத்தில் தோல் தளரும். ஒழுகும் கொட்டிலில் அதைக் காப்பது கடினம். தோல் மாற்றும் செலவு திரும்பத் திரும்ப வரும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆர்மோனியம்: கட்டையை அழுத்தினால் சுரம் வரும், தொடங்குவது இலகு. கமகம் பிடிக்க இயலாது என்ற குறையால் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை இதை விலக்கி வைத்தது. ஆயினும் நாடகப் பாட்டுக்கும் கூட்டுப் பாட்டுக்கும் இது நல்ல துணை. வாங்குமுன் துருத்தியை அடித்துக் காற்றை நிரப்பி, கட்டை எதையும் அழுத்தாமல் விடுங்கள். காற்று விரைவாக இறங்கினால் எங்கோ ஒழுக்கு உண்டு. பின்பு ஒவ்வொரு கட்டையையும் அழுத்துங்கள். அழுத்தியவுடன் ஒலிக்க வேண்டும், விட்டவுடன் நிற்க வேண்டும். எலியும் ஈரமும் இதற்குப் பகை.

4. கூட்டாக வாங்குவோம்

ஒரு குடும்பத்தால் இயலாததை ஐந்து குடும்பங்கள் சீட்டுப் பிடித்து வாங்கலாம். ஒரு கொப்பியில் நான்கு விடயங்களை எழுதி, எல்லாரும் கையெழுத்திடுங்கள்: எந்தக் கிழமை யார் வீட்டில் இருக்கும், பழுதானால் செலவு யாருடையது, மாதம் எவ்வளவு திருத்தச் சேமிப்பு, ஒரு குடும்பம் ஊர் திரும்பினால் அதன் பங்கை எப்படித் திருப்பிக் கொடுப்பது. கடைசி விடயத்தை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. அதைப் பேசாமல் விட்டால் வாத்தியத்தோடு உறவும் உடைந்துவிடும்.

கலந்துரையாடலுக்கு

1. நம்மிடையே மத்தளம், குழல், ஆர்மோனியம் தெரிந்த பெரியவர்கள் யார்? அவர்களிடம் யாராவது கற்கக் கேட்டதுண்டா?

2. பாவிக்கப்படாமல் கிடக்கும் வாத்தியங்கள் எங்கே உள்ளன? அவற்றைத் திருத்த என்ன செலவாகும்?

3. பெண்பிள்ளைகளுக்கும் மிருதங்கம் பழக இடம் கொடுக்கிறோமா?